ஏப்ரலில் கரையும் ஹோட்டல்

அறைக்குச் சாவி தரவில்லை. கேட்டதற்கு, "கதவே கிடையாதே" என்று பதில் வந்தது. கதவு இருக்க வேண்டிய இடத்தில் கனமான ஒரு திரைச்சீலை. அதை விலக்கி உள்ளே போனால் கட்டில் இருக்கிறது. கட்டில் பனிக்கட்டி. சுவர் பனி. கூரை பனி. தரையில் சர்க்கரையைக் கொட்டிப் பரப்பியது மாதிரி பனி. மூலையில் இரண்டாள் உயரத்துக்கு, கண்ணாடி போன்ற ஒரு மீன்; அதுவும் பனிக்கட்டிதான். வயிற்றுக்குள் நீல விளக்கு எரிய என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே வெப்பநிலை மைனஸ் 5 டிகிரி. வெளியே மைனஸ் 18. ஆகவே, இருப்பதில் கதகதப்பான இடம் இதுதான்.

ஸ்வீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, டோர்னே ஆற்றின் கரையில் இருக்கிறது யுக்காஸ்யார்வி என்ற கிராமம். பக்கத்து ஊர் கிரூனா, சுமார் 17 கிலோமீட்டர். ஸ்டாக்ஹோமிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம். நான் ரயிலில் வந்தேன். ஒரு முழு இரவு, ஜன்னலுக்கு வெளியே பைன் மரங்களும் இருட்டும் தவிர வேறொன்றும் இல்லாத பயணம். தில்லியில் புறப்படும்போது வீட்டில் கேட்ட கேள்வி நியாயமானது: "காசு கொடுத்து யாராவது ஃப்ரிஜ்ஜுக்குள் போய்ப் படுப்பார்களா?" அப்போது பதில் தெரியவில்லை. ஃப்ரிஜ்ஜுக்குள் இருப்பது 4 டிகிரி, அது இதைவிட எவ்வளவோ தேவலை என்பதும் அப்போது உறைக்கவில்லை.

இந்த ஹோட்டல் ஒரு வேலையில்லாத் திண்டாட்டத்தில் பிறந்தது. இங்வே பெரிக்விஸ்ட் என்பவர் இங்கே கோடைகாலச் சுற்றுலாத் தொழில் நடத்திவந்தார். கோடையில் ஆற்றில் படகு விட ஆட்கள் வருவார்கள். குளிர்காலம் வந்தால் ஈ, காக்கை எட்டிப்பார்க்காது. சூரியனே சில வாரங்களுக்கு எட்டிப்பார்க்காத ஊரில் மனிதர்களைக் குறை சொல்ல முடியாது. இருட்டையும் குளிரையும் விரட்ட முடியாது, ஆனால் விற்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1989-ல் ஜப்பானியப் பனிச்சிற்பக் கலைஞர்கள் வந்து இங்கே சிற்பங்கள் செய்து காட்டினார்கள். 1990-ல் ஒரு பிரெஞ்சுக் கலைஞரின் கண்காட்சிக்காக உருளை வடிவில் பெரிய பனிக்கூடம் ஒன்று கட்டப்பட்டது. ஒருநாள் இரவு ஊரில் தங்க அறை கிடைக்காத சில பார்வையாளர்கள், அந்தக் கூடத்திலேயே படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். கலைமான் தோலை விரித்து, ஸ்லீப்பிங் பேக்கில் புகுந்து தூங்கினார்கள். காலையில் உயிரோடு எழுந்ததோடு, நன்றாகவே தூங்கினோம் என்றும் சொன்னார்கள். அவ்வளவுதான். உலகின் முதல் பனி ஹோட்டலுக்கு முதல் விருந்தாளிகள் கிடைத்துவிட்டார்கள்.

அதன்பின் ஒவ்வொரு குளிர்காலமும் ஹோட்டல் புதிதாகக் கட்டப்படுகிறது. டிசம்பரில் திறப்பு, ஏப்ரலில் மூடல், பிறகு கரைதல். போன வருடம் தங்கிய அறையில் இந்த வருடம் தங்க முடியாது. அது ஆற்றோடு போய் பால்டிக் கடலில் சேர்ந்திருக்கும்.

தமிழில் இதைப் பற்றி எழுத உட்காரும்போது ஒரு சங்கடம். நமக்கு எல்லாமே பனிதான். மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்பதும் பனி, முன்பனி பின்பனி என்று பருவத்துக்குப் பெயர் வைத்ததும் அதைக்கொண்டுதான், இமயத்தில் விழுவதும் பனி, சர்பத்தில் மிதப்பதும் பனிக்கட்டி. இந்த மண்ணின் பழங்குடிகளான சாமி மக்களுக்கு (நம் சாமி அல்ல; பெயர் ஒற்றுமை மட்டும்தான்) பனியின் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. நமக்கு ஆறு பருவம் என்றால் அவர்களுக்கு எட்டு. கலைமான் மேய்க்கிறவர்களுக்கு அது அலங்காரம் இல்லை, பிழைப்பு. காலடியில் இருப்பது எந்தப் பனி என்று தெரியாவிட்டால் மந்தை போய்விடும்.

ஹோட்டலுக்கு வேண்டியது இரண்டு வகைச் சரக்கு. ஒன்று, ஆற்றின் பனிக்கட்டி. டோர்னே ஆற்றில் மின்சாரத்துக்காக அணை கட்டக் கூடாது என்று ஸ்வீடனில் சட்டமே இருக்கிறது. தடையின்றி ஓடும் நீர், மேலிருந்து கீழாக மெதுவாக உறையும்போது காற்றுக் குமிழியையும் அழுக்கையும் வெளியே தள்ளிவிடுகிறது. அதனால்தான் அந்தக் கட்டியில் அப்படியொரு தெளிவு. நம் ஐஸ் பெட்டியில் எல்லாப் பக்கமும் ஒரேயடியாக உறைவதால் காற்று நடுவில் மாட்டிக்கொண்டு வெளுத்துப்போகிறது. மார்ச் மாதத்தில் ஆற்றின் மேல் பனிக்கட்டி ஏறக்குறைய ஒரு மீட்டர் தடித்திருக்கும்போது, இயந்திர ரம்பத்தால் அறுத்து, ஒவ்வொன்றும் சுமார் இரண்டு டன் எடையுள்ள பாளங்களாக வெளியே எடுக்கிறார்கள். கோடை முழுவதும் அவை குளிர்ந்த கிடங்கில் காத்திருக்கின்றன. தூண்கள், கட்டில்கள், சிற்பங்கள், சரவிளக்குகள் எல்லாம் இந்தப் பாளங்களிலிருந்துதான்.

இரண்டாவது சரக்கு சுவருக்கும் கூரைக்கும். பனித்தூளும் பனிக்கட்டியும் கலந்த ஒரு கலவை. ஆங்கிலத்தில் ஸ்னோவையும் ஐஸையும் ஒட்டி 'ஸ்னைஸ்' என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வளைந்த இரும்பு அச்சுகளை நிறுத்தி, அவற்றின்மேல் இந்தக் கலவையை இயந்திரத்தால் பீய்ச்சி அடிப்பார்கள். இறுகியதும் அச்சை உருவிவிட்டால் வளைவுக் கூரை தானாக நிற்கும். எந்த அறையிலும் தட்டையான கூரை கிடையாது. காரணம் எளிது: பனி நசுக்கலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. வளைவில் எல்லாப் பாரமும் நசுக்கலாகவே கீழே இறங்குகிறது. நம் பழைய செங்கல் மதகுகளைக் கட்டிய கொத்தனாருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் செங்கல் அசையாது. பனி தன் எடையிலேயே மெல்ல மெல்லத் தளர்ந்து இறங்கும். திறப்பு விழாவன்று இருந்த கூரை உயரம் கடைசி நாளில் இருக்காது.

கலைஞர்களின் அறைகள்தான் இங்கே பெரிய ஈர்ப்பு. பல நாடுகளிலிருந்து விண்ணப்பங்கள் வருகின்றன. தேர்வானவர்கள் வந்து, சில வாரங்களில் ஆளுக்கு ஓர் அறையைச் செதுக்குகிறார்கள். எல்லோரும் பனிச்சிற்பிகள் அல்ல. கட்டடக் கலைஞர்கள், நாடக மேடை அமைப்பாளர்கள் என்று பலரும் உண்டு. நான்கைந்து மாதத்தில் தண்ணீராகிவிடும் என்று தெரிந்தே ஒருவர் மீனின் செதிலை ஒவ்வொன்றாக உளியால் எடுத்திருக்கிறார். மார்கழியில் அரை நாள்கூட நிற்காத கோலத்தை விடியற்காலையில் எழுந்து போடுகிற நம் வீட்டுப் பெண்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

சட்டம் மட்டும் எங்கும் ஒன்றுதான். ஹோட்டல் என்றால் தீ எச்சரிக்கைக் கருவி வேண்டும் என்று 2013-ல் ஸ்வீடனின் கட்டட வாரியம் கறாராகச் சொல்லிவிட்டது. தண்ணீரால் கட்டிய ஹோட்டலில் தீயா என்று உலகப் பத்திரிகைகள் சிரித்தன. சுவர் எரியாதுதான். ஆனால் மெத்தையும் தோலும் தூக்கப் பையும் எரியும், புகை மூட்டும். வாரியம் சொன்னதில் தப்பில்லை. என் அறைக் கூரையிலும் சின்னதாக அந்தக் கருவி இருந்தது.

பனியில் கட்டில் போட்டது இவர்கள்தான் முதல் என்று சொல்ல முடியாது. 1740-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், ரஷ்யப் பேரரசி ஆன்னா இவானவ்னா, நேவா ஆற்றின் பனிக்கட்டியை அறுத்து ஒரு மாளிகை கட்டச் செய்தாள். பாளங்களை அளந்து வெட்டி அடுக்கி, இடையில் தண்ணீர் ஊற்றினார்கள். அதுவே சுண்ணாம்புச் சாந்து. வாசலில் பனிக்கட்டி பீரங்கிகள். அவை நிஜமாகவே வெடித்தன. ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு பனிக்கட்டி யானை. பகலில் தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சியது, இரவில் எரியும் எண்ணெயைப் பீய்ச்சியது. உள்ளே மேசை, மேசைமேல் சீட்டுக்கட்டு, படுக்கை, தலையணை, எல்லாம் பனிக்கட்டி. கட்டுமானத்தை கிராஃப்ட் என்ற அறிவியலாளர் விவரமாக எழுதிவைத்ததால் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது.

மாளிகையின் நோக்கம்தான் பயங்கரம். மிகயீல் கலித்சின் என்ற பிரபு கத்தோலிக்கப் பெண் ஒருத்தியை மணந்து மதம் மாறினார் என்பதற்காக அவரை அரசவைக் கோமாளியாக்கியிருந்தாள் பேரரசி. அவருக்கும், பூஜினினவா என்ற கல்மிக் இனப் பணிப்பெண்ணுக்கும் கட்டாயக் கல்யாணம். மணமக்களைக் கூண்டில் ஏற்றி, கூண்டை நிஜ யானைமேல் ஏற்றி ஊர்வலம். முதலிரவு பனிக்கட்டிக் கட்டிலில். வெளியே ஓடிவிடாதபடி வாசலில் காவல். இருவரும் விடியும்வரை உயிரோடு இருந்தார்கள். மணப்பெண் தன் முத்துமாலையைக் காவலாளிக்குக் கொடுத்து ஆட்டுத்தோல் கோட்டு ஒன்றை வாங்கினாள் என்றும் ஒரு கதை உண்டு. அதே ஆண்டு அக்டோபரில் பேரரசி இறந்துபோனாள். கலித்சின் நெடுங்காலம் வாழ்ந்தார்.

ஆற்றுப் பனியை அறுத்துச் சேமிக்கும் இந்தத் தொழிலுக்கும் நமக்கும்கூட ஒரு பழைய உறவு இருக்கிறது. பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டூடர் என்ற வியாபாரி, அமெரிக்க ஏரிகளின் பனிக்கட்டியை அறுத்து 1833-ல் 'டஸ்கனி' என்ற கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஏற்றியது 180 டன். நான்கு மாதம் கடலில் வந்து, நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்டியும், சுமார் 100 டன் மிஞ்சியது. மரத்தூளும் வைக்கோலும் காத்த பனிக்கட்டி அது. 1842-ல் சென்னைக் கடற்கரையில் இதற்காகவே ஒரு கிடங்கு எழுந்தது. இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடம் மட்டும் நின்றது. 1897-ல் விவேகானந்தர் தங்கியது அங்கேதான். வட்டாரத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் இன்னும் போகவில்லை. டோர்னே ஆற்றங்கரைக் கிடங்கில் போன மார்ச்சில் அறுத்த பாளங்களில் மிச்சமிருந்தவற்றைத் தொட்டுப் பார்த்தபோது திருவல்லிக்கேணி பஸ் ஸ்டாப் நினைவுக்கு வந்தது எனக்கே வேடிக்கையாக இருந்தது.

இரவு ஒன்பது மணிக்கு வகுப்பு நடந்தது. எப்படித் தூங்குவது என்பதற்கு வகுப்பு! தடிமனான உடைகளோடு பைக்குள் போகாதீர்கள், வியர்க்கும். வியர்வை குளிர்ந்தால் ஆபத்து. மெல்லிய கம்பளி உள்ளுடை, உலர்ந்த காலுறை, தொப்பி, இவை போதும். நாளைக் காலை போடும் உடையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், வெளியே வைத்தால் அப்பளம்போல விறைத்துவிடும். படுப்பதற்கு முன் கழிவறைக்குப் போய்விடுங்கள். கழிவறை சூடாக்கப்பட்ட பக்கத்துக் கட்டடத்தில். வழிகாட்டிப் பெண் இந்தக் கடைசி அறிவுரையை இரண்டு முறை சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

பனிக்கட்டிமேல் மெத்தை, மெத்தைமேல் கலைமான் தோல், அதன்மேல் பை. கலைமானின் முடி உள்ளே குழலானது, காற்று அடைபட்டிருக்கும். பனிச்சுவரும் அதே கதைதான். துகள்களுக்கு நடுவே சிறைப்பட்ட காற்றுதான் வெளிக்குளிரைத் தடுக்கிறது. வெளியே மைனஸ் 30-க்கு இறங்கினாலும் அறை மைனஸ் 5-க்கும் 8-க்கும் நடுவிலேயே நிற்கும். ஆக என்னைக் காப்பாற்றப்போவது காற்று. இதை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிக்கொண்டு விளக்கை அணைத்தேன்.

முதலில் தெரிந்தது குளிர் அல்ல, நிசப்தம். பனி ஓசையை விழுங்கிவிடுகிறது. தில்லியில் இரவு எத்தனை மணிக்கு எழுந்தாலும் லாரி ஓடும், நாய் குரைக்கும், காவலாளி தடியைத் தட்டுவான். இங்கே என் மூச்சு தவிர ஒன்றும் இல்லை. அதுவும் பையின் வாயருகே படிந்து மெல்லிய உறைபனியாகிக்கொண்டிருந்தது. மூக்கு மட்டும் வெளியே. அது என்னுடையதுதானா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. வழிகாட்டிப் பெண்ணின் பார்வை நினைவுக்கு வந்தது. அரை மணி நேரம் போராடிப் பார்த்தேன். வெல்லவில்லை. விறைத்துப்போன பூட்ஸுக்குள் காலைத் திணித்து, நீண்ட வெள்ளை நடைபாதையில் தூண்களுக்கு நடுவே தனியாக நடந்தேன். இருபுறமும் திரைச்சீலைகள், ஒன்றின் பின்னாலிருந்து பலத்த குறட்டை. முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தவளின் நினைவு அப்போதுதான் வந்தது. எனக்குப் பக்கத்திலேயே சூடான கட்டடம் இருக்கிறது, போக விரும்பினால் தடுக்க ஆள் இல்லை. பனி மாளிகைக்கும் பனி ஹோட்டலுக்கும் இடையில் அந்த ஒரு காவலாளிதான் வித்தியாசம். கழிவறையின் கதகதப்பில் தேவைக்கு மேல் பத்து நிமிடம் நின்றேன் என்பதை மறைப்பானேன். திரும்பிப் போகாமல் அங்கேயே சோபாவில் உட்கார்ந்துவிடலாம் என்றும் தோன்றியது. போய்விட்டேன். பைக்குள் புகுந்த பத்தாவது நிமிடம், அதுவரை அறியாத ஒரு கதகதப்பு முதுகிலிருந்து பரவியது. பிறகு விடிந்தது தெரியாத தூக்கம்.

எழுப்பியது ஓர் இளைஞர். கையில் ஆவி பறக்கும் லிங்கன்பெர்ரிச் சாறு. இந்தக் காட்டில் விளையும் சிவப்புப் பழம். புளிப்பு நம் களாக்காயை நினைவூட்டும். காபி என்றால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். வடதுருவ ஒளி பார்த்தீர்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பார்க்கவில்லை. வானம் மூடியிருந்தது.

காலையில் கிராமத்தின் மறுகோடிக்கு நடந்தேன். அங்கே 1607-ல் எழுந்த மரத் தேவாலயம் இருக்கிறது. லாப்லாந்துப் பகுதியிலேயே பழையது. அதன் அருகே கலைமான் மேய்க்கும் சாமி குடும்பம் ஒன்று பயணிகளுக்குக் கூடாரத்தில் காபி தருகிறது. 'இக்ளூ' என்ற பனிவீடு இவர்களுடையது அல்ல. அது கிரீன்லாந்து, கனடா பக்கத்து இனுயிட்டுகளுடையது. சாமிகள் கூடாரத்திலும் புல்மண் குடிசையிலும் வாழ்ந்தவர்கள். பனியில் படுக்கக் காசு கொடுப்பவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று காபி ஊற்றிய முதியவரிடம் கேட்டேன். சிரித்தார். பதில் சொல்லாமல் பனியின் மேல்தட்டைக் குச்சியால் குத்திக் காட்டினார். மேலே பொடி, அடியில் கண்ணாடி போன்ற கடினப் படலம்.

அந்தப் படலம்தான் இங்கே கவலை. நடுக்குளிர்காலத்தில் திடீரென்று வெப்பம் ஏறி மழை பெய்கிறது. மறுபடி உறையும்போது தரையில் பனிக்கட்டித் தகடு படிகிறது. கலைமான் குளம்பால் பனியைத் தோண்டி அடியிலுள்ள பாசியைத் தின்று குளிர்காலத்தை ஓட்டுகிற பிராணி. பொடிப்பனி என்றால் தோண்டும். தகட்டை உடைக்க முடியாது. புல்லுக்கட்டு போல தீவனம் வாங்கிப் போட வேண்டியதாகிறது. 1979-க்குப் பின் ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது என்று 2022-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆய்வைவிட எனக்கு உறைத்தது இதே ஆற்றின் கணக்கு. டோர்னே கடலில் கலக்கும் இடத்தருகே, டோர்னியோ என்ற ஊரில், வசந்தத்தில் ஆற்றுப்பனி உடையும் நாளை 1693-லிருந்து குறித்துவருகிறார்கள். நம் நாட்டில் ஔரங்கசீப் ஆண்ட காலத்துக் குறிப்பு! அன்றைக்கு இருந்ததைவிட இன்று உடைப்பு பல நாட்கள் முந்திவிட்டது. இதையெல்லாம் கேட்கவும் பார்க்கவும் தில்லியிலிருந்து விமானத்தில் பறந்து வந்தவன் நான் என்பதும் கணக்கில் சேர வேண்டியதுதான்.

கிரூனாவின் கதை தனி. உலகின் மிகப் பெரிய நிலத்தடி இரும்புச் சுரங்கம் அங்கே இருக்கிறது. தோண்டத் தோண்ட நிலம் இறங்குவதால் ஊரையே சில கிலோமீட்டர் கிழக்கே நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். 1912-ல் கட்டிய, 672 டன் எடையுள்ள மரத் தேவாலயத்தை 2025 ஆகஸ்டில் சக்கர வண்டிகளில் ஏற்றி இரண்டு நாளில் ஐந்து கிலோமீட்டர் நகர்த்தினார்கள். நிலையானது என்று நினைத்த ஊர் நகர்கிறது. சுரங்கம் விரிய விரியக் கலைமான்கள் போகும் பழைய பாதைகளும் குறுகுகின்றன.

2016-லிருந்து ஹோட்டலின் ஒரு பகுதி வருடம் முழுவதும் திறந்திருக்கிறது. மே கடைசியிலிருந்து ஜூலை நடுவரை இங்கே சூரியன் மறைவதில்லை. அந்த வெயிலில் எடுத்த மின்சாரத்தாலேயே உள்ளே உறைநிலையைக் காக்கிறார்கள். சாமர்த்தியம்தான். ஆனாலும் அந்தப் பகுதியில் நின்றபோது மனம் ஒட்டவில்லை. கரையாத பனி ஹோட்டல் என்றால் பெரிய ஐஸ் பெட்டிதானே? ஏப்ரலில் போய்விடும் என் மீன் அறையே மேல் என்று தோன்றியது.

ஸ்டாக்ஹோம் ரயிலுக்கு நேரம் இருந்தது. ஆற்றங்கரைக்குப் போனேன். உறைந்த ஆற்றின் நடுவில் ஒரு டிராக்டர் மேலும் கீழுமாகப் போய்வந்துகொண்டிருந்தது. விழுந்திருக்கும் பனியை வழித்து ஒதுக்குகிறது. பனி போர்வைபோல மூடியிருந்தால் அடியிலுள்ள நீருக்குக் குளிர் இறங்காது. வழித்துவிட்டால் பனிக்கட்டி வேகமாகத் தடிக்கும். மார்ச்சில் அறுக்க வேண்டிய பாளம், அடுத்த நவம்பரில் தூணாகவும் கட்டிலாகவும் நிற்க வேண்டியது, இப்போது அந்த டிராக்டரின் சக்கரத்துக்கு அடியில் வளர்ந்துகொண்டிருந்தது. எவ்வளவு தடித்திருக்கிறது என்று கரையில் நின்றவரைக் கேட்டேன். முழங்காலுக்கு மேல் ஒரு கோடு காட்டினார். பிறகு கையை இடுப்புவரை உயர்த்தி, இவ்வளவு வர வேண்டும் என்றார்.